முதல் தடியின் விலை

மரக்கடையில் வளரும் பையனுக்கு முதலில் பழக்குவது வெட்டுமுகத்தைப் பார்க்கத்தான். வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, நடுவில் பொந்து உண்டா, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, சுற்றளவில் எத்தனை அங்குலம் கழிக்க வேண்டும் என்று தடியின் அந்த அறுத்த வட்டமே சொல்லிவிடும். செங்கோட்டையில் தேக்குத் தடிகளுக்கு நடுவே நின்று அப்பா எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் படிப்பை மட்டும் நம்பித் தொண்ணூறுகளின் கடைசியில் கானா நாட்டின் குமாசி நகரத்துக்கு, ஓர் அறுவை மில்லில் தடி தரம் பிரிக்கும் வேலைக்குப் போனேன். அங்கே முற்றத்தில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் மகாகனி. சில தடிகளின் வெட்டுமுகம் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அவற்றுக்கு என்ன விலை போடலாம் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். அந்த விலை உண்மையில் எப்போது, யார் கையில் முடிவாகிறது என்பது விளங்கத்தான் ரொம்ப நாளானது. மில்லிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து கோகோத் தோட்டத்துக்கும், கடைசியில் நாற்றங்காலுக்கும் போய்த்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

ஆப்பிரிக்க மகாகனி என்று சந்தையில் ஒரே பெயரில் போனாலும் அது ஒரு மரம் இல்லை. காயா என்ற பேரினத்தில் பல இனங்கள் உண்டு. கானாவில் கைக்கு வருபவை நான்கு. தெற்கே ஈர மழைக்காட்டில் காயா ஐவொரென்சிஸ். அக்கான் மக்கள் அதைத் துபினி என்பார்கள். கொஞ்சம் வறண்ட, பருவத்துக்கு இலை உதிர்க்கும் காட்டில் காயா அந்தோதெக்காவும் காயா கிராண்டிஃபோலியோலாவும். வடக்கே புல்வெளிச் சீமையில் காயா செனகலென்சிஸ். அது செனகல் தொடங்கி உகாண்டா வரை வறட்சியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். நான்கும் நம் வேம்பின் குடும்பம். பட்டையைக் கீறி ஒரு துண்டை வாயில் வைத்தால் கசப்பே உறவு சொல்லும். மலைவேம்பு, சந்தன வேம்பு, மகாகனி என்ற பெயருக்கே மூத்த சொந்தக்காரரான அமெரிக்கச் சுவீட்டீனியா எல்லாம் பங்காளிகள்.

உலர்ந்த துபினி கன மீட்டருக்கு ஏறக்குறைய 530 கிலோ எடை இருக்கும். செனகல் மகாகனி 700-ஐத் தாண்டும். காகிதத்தில் இரண்டும் ஒரே பெயரில் வரலாம். ரம்பத்துக்கு வித்தியாசம் தெரியும். எங்கள் மில்லின் தலைமை ரம்பக்காரர் தடியைத் தொடக்கூட மாட்டார். முதல் பலகை விழும்போது பிளேடு எழுப்பும் சத்தத்தைக் கேட்டே, இது வறண்ட காட்டு மரம், வேகத்தைக் குறை என்று கை காட்டுவார்.

இந்த மரத்தின் அழகும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நாரோட்டம் ஒரு வளையத்தில் இடப்பக்கமும் அடுத்த வளையத்தில் வலப்பக்கமுமாகச் சாய்ந்து பின்னிக்கொண்டு போகும். ஆரத்தின் வாக்கில் அறுத்தால் பலகையில் வெளிச்சமும் நிழலுமாகப் பட்டை பட்டையாகக் கோடு ஓடும்; பார்க்கும் கோணம் மாறினால் கோடும் இடம் மாறும். பணக்கார வீட்டு அலமாரிக் கதவுக்கு அதற்காகவே கேட்பார்கள். அதே பலகையை இழைப்புளி போட்டால் ஒரு கோடு வழவழப்பாகவும் பக்கத்துக் கோடு பிய்ந்தும் வரும். இன்னொரு குறை இதைவிட மோசம். மரம் நிற்கும்போதே உள்ளே நாருக்குக் குறுக்காக முறிவு விழுந்திருக்கும். இடி விரிசல் என்று ஐரோப்பிய வியாபாரிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெட்டுமுகத்தில் அது தெரியவே தெரியாது. பலகையை இழைத்த பிறகு குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால், அந்த இடத்தில் பலகை இன்றோ நாளையோ ஒடியும். அப்பா சொல்லித்தந்த கலைக்கு எல்லை அங்கேதான் என்று புரிந்தது.

கானாவில் ஒரு தடி மில்லுக்குள் வருமுன் அதற்கு ஜாதகம் எழுதியிருப்பார்கள். காட்டில் மரத்துக்கு எண், வெட்டியபின் அடிக்கட்டைக்கு அதே எண், தடிகளிலும் அதே எண், லாரியோடு வரும் அளவுச் சான்றிலும் அதே எண். மில் வாசலில் நிற்கும் என் வேலை, அந்த எண்ணும் அளவும் தடியோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. தடியைத் தடியாகவே கப்பலேற்ற முடியாது. 1979-ல் சில உயர்ந்த இனங்களின் தடி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 1995-ல் காட்டு மரத் தடி ஏற்றுமதியே நின்றது. பலகை, வெனீர், பிளைவுட் என்று உருமாறித்தான் மகாகனி தக்கோராடித் துறைமுகத்தைத் தாண்ட வேண்டும். நட்டு வளர்த்த தேக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கின் வழியாகத்தான் கானாத் தேக்கு கண்டெய்னர் கண்டெய்னராகத் தூத்துக்குடிக்கு வருகிறது. மில் வேலையை விட்டபின் நானும் அந்த வியாபாரத்தில்தான் காலூன்றினேன். என் சோறு தேக்கில் வந்தது. மனசு மகாகனியில் கிடந்தது.

தேக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்த ஒரு கணக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் அது தேவைப்படும். நம் ஊர் வாங்குபவர்கள் இன்றும் ஹாப்பஸ் அளவில்தான் பேசுவார்கள். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. உருளையின் உண்மையான கொள்ளளவில் இது எழுபத்தெட்டரை சதவீதம்தான் வரும்; மீதி அறுவையில் கழியும் என்று ஒரு பழைய சமரசம். ஐந்தடிச் சுற்றளவுள்ள மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி உயரத்தில் கிளை பிரிந்திருந்தால் முதல் தடி பதினைந்தரைக் கன அடி. இருபத்தைந்து அடி வரை நேராகப் போயிருந்தால் முப்பத்தொன்பது கன அடி. வயது, நிலம், மழை எல்லாம் ஒன்றே. அதோடு முடிவதும் இல்லை. நீளத் தடிக்குக் கன அடி விலையே வேறு. முடிச்சில்லாத நீளப் பலகையும் வெனீரும் முதல் தடியில்தான் கிடைக்கும். கிளைக்கு மேலே உள்ளதெல்லாம் சில்லறைச் சரக்கு.

காட்டு மகாகனியின் முதல் தடி அபாரமானது. மரம் அறுபது மீட்டர் வரை எழும்பும். அதில் இருபது மீட்டருக்கு மேல் ஒரு கிளைகூட இருக்காது. அடியில் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு விரிந்து நிற்கும். இந்தத் தடிகளைத் தேடித்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார வியாபாரிகள் கோல்ட் கோஸ்ட் என்று அன்று பெயர் பெற்றிருந்த கானாவின் மேற்குக் கரைக்கு வந்தார்கள். கரீபியனிலும் மத்திய அமெரிக்காவிலும் நல்ல சுவீட்டீனியா அரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. லாரியும் ரயிலும் இல்லை. மரத்தைச் சதுரமாகச் செதுக்கி, ஆட்களே வடம் பிடித்து ஆற்றுக்கு இழுத்து, அங்கோப்ரா போன்ற ஆறுகளில் வெள்ளம் வரும்வரை காத்திருந்து மிதக்கவிட்டு, ஆக்சிம் கடற்கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சேர்த்தார்கள். போய் இறங்கியது லிவர்பூல் ஏலத்தில். 1903-ல் செக்கொண்டியிலிருந்து குமாசிக்கு ரயில் வந்தது. 1928-ல் தக்கோராடித் துறைமுகம் திறந்தது. ஆற்றங்கரையில் மட்டும் விழுந்துகொண்டிருந்த கோடரி அதற்குப் பிறகு உள்காடு முழுக்க விழுந்தது.

நான் போன காலத்தில் பழைய கையாட்கள், இப்போது வருவதெல்லாம் ஒரு மரமா என்று சலித்துக்கொள்வார்கள். வில்லியம் ஹாதார்ன் என்ற தாவரவியலாளர் கானாவின் காட்டு இனங்களுக்கு நட்சத்திரத் தரம் வகுத்தார். அரிய இனத்துக்குக் கறுப்பு, பொன். வெட்டுக்கு இரையாகித் தேய்ந்துவரும் வணிக இனங்களுக்குச் செந்நிறம். மகாகனி செந்நிற வரிசையில் நிற்கிறது. 1998-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதன் முக்கிய இனங்களை அழியும் அபாயமுள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. இனம் நாளைக்கே மறைந்துவிடும் என்பதில்லை. சின்ன மரங்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. போனது பெரிய, நேரான, நல்ல விதை தரும் மரங்கள். நல்லதை எல்லாம் முதலில் வெட்டிவிட்டால், வளைந்ததும் கவைத்ததும்தான் அடுத்த தலைமுறைக்குத் தாயாகும். வியாபாரிகள் நாங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

காட்டுக்காவலில் எனக்கு இருந்த நம்பிக்கையை மாற்றியது ஒரு கோகோத் தோட்டம். கானாவின் மகாகனியில் கணிசமானது காப்புக்காட்டுக்கு வெளியே, விவசாயிகளின் கோகோவுக்கு நடுவே நிற்கிறது. கோகோவுக்கு மேல்நிழல் வேண்டும். மகாகனிக்குப் பக்கநிழல் வேண்டும். இரண்டும் சேர்ந்து வளர்வதற்கென்றே பிறந்தவை. அப்படியிருக்க, மேற்கு மாகாணத்தில் ஒரு பெரியவர் தன் தோட்டத்தில் தானாக முளைத்து இடுப்புயரம் வந்திருந்த துபினிக் கன்றுகளை வெட்டுக்கத்தியால் ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஊரே அவரை வோஃபா என்று அழைக்கும், தாய்மாமன் முறை. தாய்வழியில் சொத்து இறங்கும் அக்கான் வீடுகளில் தாய்மாமனுக்குள்ள கனம் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

“வோஃபா, நல்ல கன்றாயிற்றே. ஏன் வெட்டுகிறீர்கள்?”

“கோகோ என்னுடையது. வாழை என்னுடையது. இது யாருடையது, நீயே சொல்.”

“உங்கள் நிலத்தில்தானே நிற்கிறது?”

“நிற்பது இங்கே. சொந்தம் அக்ராவில். நான் பார்த்துப் பார்த்து வளர்ப்பேன். பெருத்ததும் ஒருவன் காகிதத்தோடு லாரியில் வருவான். மரம் விழும்போது என் கோகோவை நசுக்கிக்கொண்டு விழும். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? கன்றாக இருக்கும்போதே முடித்துவிட்டால் எனக்கு நிம்மதி.”

அவர் சொன்னதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. 1962-ம் ஆண்டுச் சட்டப்படி, தானாக முளைத்த வணிக மரம் எங்கே நின்றாலும், குலத் தலைமைப் பீடங்களின் சார்பில் நாட்டின் அதிபர் பொறுப்பில் இருக்கிறது. வெட்டும் உரிமையை அரசு தரும். வரும் கட்டணத்தில் வனத்துறைக்கும் பீடத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் பங்கு உண்டு. முப்பது வருஷம் அதைச் சுற்றிக் களை எடுத்தவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதனால் அவருக்கு இரண்டே வழி: கன்றாக இருக்கையில் வெட்டிவிடுவது, அல்லது மரமானபின் இரவில் சங்கிலி ரம்பத்தோடு வருபவரிடம் விற்றுவிடுவது. ரம்பக்காரர் தருவது சொற்பமே ஆனாலும் கையில் தருவார். சங்கிலி ரம்பத்தால் பலகை அறுத்து விற்பதை 1998-ல் தடை செய்தார்கள். அதன் பிறகும் உள்நாட்டுச் சந்தையின் பெரும்பங்கு அந்தப் பலகைதான். குமாசியின் சொக்கோபான் மரக்கிராமத்தில் தச்சர்களிடம் போய், இது எந்த மில்லில் அறுத்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். காவலர் போதவில்லை, தண்டனை போதவில்லை என்று கருத்தரங்குகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வோஃபாவின் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

பதில் ஓரளவுக்கு 2002-ல் வந்தது. தனியார் நட்டு வளர்த்த மரம் நட்டவருக்கே சொந்தம் என்று மரச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் தவுங்யா முறையையும் மாற்றி அமைத்தார்கள். பர்மாவில் பிரிட்டிஷார் காலத்தில் தேக்குக்காக உருவானது தவுங்யா: சிதைந்த காட்டு நிலத்தில் விவசாயி மரக்கன்றை நட்டு, ஊடே தன் பயிரைச் செய்துகொள்வார், மரம் நிழல் கட்டியதும் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். கானாவில் அந்தப் பழைய முறை எண்பதுகளில் கைவிடப்பட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மரத்தில் பங்கில்லாதவருக்கு மரம் செழிப்பது தன் வாழைக்கும் சேம்புக்கும் கேடு. கன்று பட்டுப்போனால் இன்னொரு வருஷம் பயிர் வைக்கலாம். புதிய முறையில் மரத்தின் வருமானத்தில் விவசாயிகளுக்கு 40 சதவீதம், வனத்துறைக்கு 40, நிலத்துக்குரிய பீடத்துக்கும் உரிமையாளர்களுக்கும் 15, ஊருக்கு 5 என்று எழுதிக் கொடுத்தார்கள். கோகோவில் பாதி வாரம், மூன்றில் ஒரு வாரம் என்று தலைமுறைகளாகப் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு உடனே புரிந்தது.

நான் நாற்றங்கால் போட்டது இந்தச் சமயத்தில்தான். குமாசியை ஒட்டி ஃபுமெசுவாவில் கானா வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அக்ரா சாலையில் கொஞ்ச தூரம் போனால் அவர்களின் பராமரிப்பில் போபிரிக் காப்புக்காடு. பட்டாம்பூச்சி பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வரும் இடம். நான் போனது நிமிர்ந்து நிற்கும் தாய்மரங்களைப் பார்த்துப் படிக்க. விதை எங்கிருந்து வந்தது என்பதுதான் நாற்றங்காலின் முதல் கேள்வி. மகாகனியின் காய் உருண்டையான மரக்காய். துபினிக்கு ஐந்து பிளவு, செனகல் இனத்துக்கு நான்கு. உள்ளே மெல்லிய சிறகு கட்டிய தட்டை விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். காய் வெடித்துவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். அதனால் வெடிக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் பறித்து நிழலில் உலர்த்த வேண்டும். விதை நாள்பட்டால் முளைப்பு வேகமாகக் குறையும். சந்தையில் மூட்டையாகக் கிடக்கும் பழைய விதையை வாங்கி நட்டுவிட்டு மண்ணைத் திட்டுவதில் பயனில்லை. நல்ல மரத்தின் இளந்தண்டை வெட்டி வேர்விடச் செய்வதும் இந்த இனத்தில் சிரமமில்லாமல் நடக்கும்.

நாற்று வளர்வது சுலபம். நட்டபின்தான் சோதனை. மகாகனிக்கு ஒரு நிரந்தர எதிரி உண்டு: ஹிப்சிபைலா என்ற சின்னப் பழுப்பு அந்துப்பூச்சி. இரவில் வந்து இளங்குருத்தில் முட்டையிடும். புழு குருத்துக்குள் துளைத்துப்போய்த் தண்டின் சோற்றைத் தின்னும். துளை வாயில் சிவந்த தூளும் நூலாம்படையும் ஒட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். குருத்து கருகும். மரம் சாகாது, அதுதான் வினை. செத்தால் வேறு கன்று வைக்கலாம். கருகிய குருத்துக்குக் கீழிருந்து மூன்று நான்கு கிளை போட்டி போட்டுக் கிளம்பும். அடுத்த மழையில் பூச்சி அந்தக் கிளைகளின் குருத்தையும் தேடி வரும். சில ஆண்டுகளில் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல ஒரு புதர் நிற்கும். அதற்குப் பருமன் கூடும், வைரமும் ஏறும். முதல் தடி மட்டும் இருக்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் வெட்டவெளியில் மகாகனியை மட்டும் அணிவகுத்து நட்ட தோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தன. புதிய தவுங்யாவிலும் அதிகம் நட்டது தேக்கு. மகாகனியைத் தொடப் பலருக்கும் பயம்.

மருந்தடித்துப் பயனில்லை என்று அனுபவஸ்தர்கள் எல்லோரும் சொல்வார்கள். புழு தண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. மழை மருந்தைக் கழுவிவிடுகிறது. பலன் தருபவை நிழலும், கலப்பும், கத்தியும். பக்கத்தில் வேறு மரங்கள் நெருங்கி நின்றால் பூச்சிக்குக் குருத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். கன்றும் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும். அதனால் மகாகனியை ஓஃப்ராம், எமிரே போன்ற உள்ளூர் மரங்களோடு கலந்து, வரிசைக்குள் வாழையும் சேம்பும் வைத்து நட்டோம். நிழல் மிஞ்சினால் வளர்ச்சி நின்றுவிடும். அதை அவ்வப்போது கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கன்றின் தலையையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். தூள் தெரிந்தால் கருகிய நுனியைப் புழுவோடு சேர்த்து நறுக்கிவிட்டு, கிளம்பும் கிளைகளில் நேரானதும் திடமானதுமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைச் சீவிவிட வேண்டும். முதல் தடிக்குத் தேவையான உயரம் வரும்வரை இந்த வேலை ஓயாது. அதன் பிறகு பூச்சி உச்சியில் என்ன செய்தாலும் விலைக்குப் பெரிய பாதகம் இல்லை.

இன்னொரு காவல்காரரும் உண்டு. முசுறு எறும்பின் ஆப்பிரிக்க இனம் கோகோவிலும் மகாகனியிலும் இலையைப் பின்னிக் கூடு கட்டும். முசுறு குடியேறிய கன்றுகளில் குருத்துச் சேதம் குறைவாக இருப்பதை எங்கள் ஆட்கள்தான் முதலில் கவனித்துச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் செனகல் மகாகனித் தோட்டங்களில் அங்குள்ள பச்சை முசுறை வைத்து ஆராய்ச்சியாளர்கள் இதையே நிறுவியிருக்கிறார்கள். கடி வாங்கத் தயாராக இருந்தால் சம்பளமில்லாத காவல் கிடைக்கும்.

இத்தனையையும் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தபோது குறிப்பேட்டில் எல்லாக் கன்றும் பார்த்ததாக எழுதியிருக்கும், குருத்து கருகியிருக்கும். பங்கு எழுதிக்கொண்ட குடும்பங்களின் வரிசைகளில் அப்படி இல்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள்கூட, வாழைக்குலை பார்க்கப் போகிற போக்கில் சிவப்புத் தூளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே விதை, ஒரே மண். பங்கு வரிசையில் முதல் தடி நீண்டது, கூலி வரிசையில் கவைத்தது. என் தொழிலில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: மகாகனியின் விலை மில்லில் முடிவாவதில்லை, கன்றின் முதல் சில மழைக்காலங்களில் முடிவாகிறது, அந்த மழைக்காலங்களில் கூடவே நிற்பவர் மரத்துக்குச் சொந்தக்காரராக இருந்தால்தான் அது நல்ல விலையாக இருக்கும்.

வடக்கே செனகல் மகாகனிக்கு வேறு வகைத் தொல்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் அதன் பட்டைதான் வீட்டு மருந்து; சாலையோர மரங்கள் ஆள் உயரம்வரை உரிபட்டு நிற்பதை மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பார்க்கலாம். கோடையில் புல் காய்ந்ததும் ஃபுலானி இடையர்கள் மாட்டுக்காக அதன் தழையை மொட்டையாகக் கழித்துவிடுவார்கள்; அடுத்த பருவம் காய்க்காது, காய்க்காவிட்டால் விதை இல்லை. அங்கும் அதே கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டு வாசலில் நிற்கும் மரத்தில் பட்டையை ஒரு பக்கம் மட்டும் கீறி எடுத்து ஆறவிடும் அதே கை, பொதுமரத்தைச் சுற்றிலும் உரித்துவிட்டுப் போகிறது.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2022 நவம்பரில் பனாமாவில் கூடி, ஆப்பிரிக்காவில் வளரும் காயா இனங்கள் அனைத்தையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2023 பிப்ரவரி முதல் அது நடைமுறை. தடி, அறுத்த பலகை, வெனீர், பிளைவுட் எதுவானாலும், முறைப்படி வெட்டியது, இந்த ஏற்றுமதியால் காட்டில் இனம் நலியாது என்று உறுதிசெய்த அனுமதிச் சீட்டோடுதான் எல்லை தாண்ட வேண்டும். செய்து முடித்த நாற்காலிக்கு அது வேண்டாம். வியாபாரிகளில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு இதில் குறையில்லை. எண் இல்லாத தடி மலிவாகப் போட்டியிடும் சந்தையில், வளர்த்து விற்பவர் தலையெடுக்க முடியாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வளர்வதை இந்தப் பட்டியல் தொடுவதில்லை. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவின் வடக்கு மண்டலத்திலும் பெரிய அளவில் நட்டிருக்கிறார்கள். பிரேசிலில் உள்ள ஹிப்சிபைலா வேறு இனம். காயாவை அது பெரிதாகச் சீண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் நிழலுக்காக நட்ட பழைய மரங்கள் 2018-ல் மார்கஸ் புயலில் வேரோடு சாய்ந்து, இது தெருவுக்கு ஏற்ற மரமா என்ற விவாதத்தைக் கிளப்பின. மரம் ஒன்றுதான், காட்டில் ஒரு கணக்கு, தோட்டத்தில் ஒரு கணக்கு, வாசலில் ஒரு கணக்கு.

ஊருக்கு வந்தால் இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் ஆப்பிரிக்க மகாகனி என்று எழுதி வைத்து விற்கிறார்கள். பதினைந்து வருஷத்தில் ஏக்கருக்கு இத்தனை கோடி என்று துண்டுச் சீட்டும் தருகிறார்கள். அந்தக் கணக்கில் எல்லா மரமும் நேராக வளர்ந்து, எல்லாம் முதல்தரத் தடியாகிவிடும். இளமரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு, நிறம் வெளுப்பு என்பது சீட்டில் இருக்காது. காயா நட்டால் இரண்டாம் பட்டியல் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளை வாங்குபவர், இது எங்கே வளர்ந்தது என்று கட்டாயம் கேட்பார். நாற்று வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் மரத்தை ஏற்றிவிடுங்கள் என்கிறேன். குருத்துத் துளைப்பான் நம் மலையடிவாரத்திலும் உண்டு. சந்தன வேம்பை விட்டுவைக்காத பூச்சி மகாகனியை விட்டுவைக்காது. தனித்தோப்பாக வேண்டாம், இருக்கிற தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே கலந்து வையுங்கள் என்றும் சொல்கிறேன்.

எத்தனை ஏக்கர் போடலாம் அண்ணாச்சி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கொருமுறை ஒவ்வொரு கன்றின் குருத்தையும் பார்க்க உங்களிடம் ஆள் இருக்கிறாரா? அந்த ஆளுக்கு மரத்தில் எழுத்துப்பூர்வமாகப் பங்கு தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் நூறு கன்றிலேயே நல்ல வருமானம் உண்டு, தைரியமாக வையுங்கள். ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால், தேக்கு வைக்கச் சொல்லிவிடுகிறேன்.